சூசை அண்ணனின் கிளாரினெட்

12 டிசம்பர் 1959, சனி

பாட்டு என்றால் என்னவென்று எனக்குக் காட்டியவர் கிளாரினெட் வாசிக்கும் சூசை அண்ணன். அவருடைய பேண்டைக் கேட்பதற்காக வட்டவளையிலிருந்து அட்டன்வரை நடந்தே போயிருக்கிறேன். இன்று சாயங்காலம் அந்தப் பேண்டு எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் வாசித்தது. கிளார்க்குகளான நாங்கள் வராந்தாவில் நின்று கேட்டோம்.

நடுவில் பேண்டுக்காரன் ஒருவன் தேயிலைக் கொழுந்துக்கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, பொம்பளை மாதிரி மாரடித்து அழுதான். அதற்குச் சூசை அண்ணன் ஒரு ஒப்பாரியை வாசித்தார். துரைமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது எங்கள் அம்மா செத்த அன்று அக்கா தானே கட்டி அழுத ஒப்பாரி. அன்றைக்கு எங்கள் வீட்டில் வாசித்ததும் இவர்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போய், "அது எங்க அக்கா அழுததுங்க" என்றேன்.

"தெரியும் தம்பி. நல்ல மெட்டு. எங்க வாசிச்சாலும் சிரிக்கிறாங்க" என்றார்.

அவரைவிட என்மேல்தான் அருவருப்பு. துரைமார் சிரித்த நேரம் பெரிய கிளார்க் திரும்பிப் பார்த்தபோது நானும் கைதட்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "சூசை அண்ணே நல்லா வாசிச்சாரா?"

"நல்லா வாசிச்சாருக்கா" என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.