சூரியகாந்திக்கு வந்தவர்கள்

பிப்ரவரி 9

தேன்காரர் ஒருவர் நேற்று எங்கள் வயலோரம் தேனீப் பெட்டிகளை இறக்கினார். கூடவே மனைவியும். இதே நாட்டின் மறுகோடிக்காரர்கள்; பேசுவது ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியாது. கடுகு பூத்தால் ஓர் ஊர், கொத்தமல்லி பூத்தால் வேறோர் ஊர், சூரியகாந்திக்கு இங்கே. கல்லூரியில் இந்த நாட்டின் வரைபடத்தை எத்தனை முறை வரைந்திருப்பேன்! அதற்கு ருசி உண்டென்று இன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு சீமைத் தேனாக என் உள்ளங்கையில் விட்டாள். கடுகுத் தேன் வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. கொத்தமல்லித் தேன் கருப்பு, தொண்டையில் லேசாகக் காறியது.

எங்கள் பேச்சில் மூன்று சொல் கற்றிருக்கிறாள். தண்ணி, பூ, அக்கா. "அக்கா, பூ!" என்று என் வயலைக் காட்டி, தானே பெற்றது போலச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வயலை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 12

கொழுந்தன் வாசலில் நின்று சத்தம் போட்டான். அவன் வயல் எங்கள் வயலை ஒட்டியது.

"அண்ணி, உங்க விருந்தாளியோட பூச்சி என் பூவுல இருக்கிற சத்தையெல்லாம் உறிஞ்சுது. அப்புறம் மணி எப்படிப் பிடிக்கும்?"

"அது உக்காந்தாதான்டா மணியே பிடிக்கும்."

"அப்ப கல்யாணத் தரகர்னு சொல்றீங்க."

"தரகரேதான். சாப்பிட்டுட்டுத்தான் போகும். காரியத்தை முடிச்சுக் குடுத்துட்டுப் போகும்."

என் கணவர் சிரித்துவிட்டார். கொழுந்தன் சிரிக்கவில்லை. போன பருவத்தில் அவன் பூவில் பாதி சொத்தை. யாரையாவது காரணம் காட்டவேண்டும், பாவம்.

பிப்ரவரி 15

பாவமாவது! பூத்து நிற்கும் வயலில் காலை வெயிலில் பூச்சிமருந்து அடித்திருக்கிறான். பெட்டி வாசல்களில் தேனீக்கள் உமி கொட்டியது போலச் செத்துக் கிடந்தன. தேன்காரர் ஓடிப்போய்த் தெளிப்பான் குழாயைப் பிடித்துக்கொண்டார். அவர் மொழியில் கெஞ்சினார். அழுதார் என்றே நினைக்கிறேன்.

களை எடுக்க வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதுதான் கொழுந்தனைச் சுட்டது.

"எங்கிருந்தோ பிழைக்க வந்த பய, என் வயல்ல நின்னு என் கையைப் புடிக்கிறான்!"

பிப்ரவரி 16

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 17

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது எனக்குள்ளேயே நாறும்.

நேற்று நண்பகல். கொழுந்தனும் இன்னும் சிலரும் தடிகளோடு வந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். ஒருவன் எங்கள் மோட்டாரைப் பழுதுபார்ப்பவன். நானும் கணவரும் கிணற்றடியில் இருந்தோம். பெட்டிகள் மேல் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தார்கள். மெழுகு உருகி எரியும்போது அவ்வளவு நல்ல வாசனை வருகிறது — அதை எப்படி மன்னிப்பது? தேன்காரர் குறுக்கே விழுந்தார். முன்கையில் தடி இறங்கிய சத்தம், காய்ந்த சுள்ளி முறிவது போல. அவள் வெறுங்கையால் நெருப்புக்குள்ளிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். முடி பொசுங்கியது. கொழுந்தன் அந்த முடியைப் பிடித்து அவளைத் தரையில் இழுத்தான். "ஊரைப் பார்த்துப் போடி!" என்று விலாவில் மிதித்தான். அவள் என்னைத்தான் பார்த்தாள். "அக்கா! அக்கா!"

கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வேணாம். ஊரோட ஒத்துப் போ," என்றார்.

மண்வெட்டி கையில் இருந்தது. கொழுந்தனின் தோளில் ஓங்கிப் போட்டேன். வெட்டுப்பக்கம் அல்ல, பின்பக்கம் — அதை யோசித்துத் திருப்பினேனா, தானாகத் திரும்பியதா? எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. அவன் விழுந்தான். இன்னொன்று போட ஓங்கினேன். கணவர் பிடுங்கியிராவிட்டால் போட்டிருப்பேன். தலையில்.

பிடித்திருந்தது. அதையும் எழுதவேண்டும். அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் அந்தத் தடிக்காரர்களுக்கும் நடுவில் எத்தனை முழம்?

பிப்ரவரி 18

மாமியார் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

பிப்ரவரி 19

ஆஸ்பத்திரியில் தேன்காரர், "விழுந்துட்டேன்" என்று சைகையால் சொன்னாராம். கொழுந்தனும் வரப்பில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னானாம். அண்ணி அடித்தாள் என்று எந்த வாயால் சொல்வான்? "அந்த ஊர்ல தரையே சரியில்ல போல," என்றாராம் டாக்டர். கணவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 21

போய்விட்டார்கள். மிஞ்சிய பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். அவருக்குக் கையில் கட்டு, அவளுக்கு இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. அவள் இழுத்துப் போட்ட கரிந்த பெட்டியை மட்டும் ஏற்றவில்லை. நெருப்பு வைத்தபோது மேயப்போயிருந்த தேனீக்கள் இன்னும் அந்த இடத்தையே சுற்றுகின்றன; வீடு இருந்த இடம். பெட்டிக்குள் ராணித் தேனீ பிழைத்திருக்கிறது; அவற்றுக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவள் போன் நம்பரை என் போனில் கணவர்தான் பதிந்தார். என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் 30

மறுபடியும் சூரியகாந்திதான் விதைத்தோம். ஊரே விதைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 28

பூத்துவிட்டது. ஊரே மஞ்சள். சத்தம்தான் இல்லை. தேன்காரர்கள் யாருமே இந்தப் பக்கம் வரவில்லை. பூவுக்குப் பூ செய்தி போகும் போலிருக்கிறது. மணி பிடிக்கவேண்டுமே என்று, பெண்கள் மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவாகத் தடவுகிறார்கள். கொழுந்தனும். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. உயரமான பூக்களை இடது கையால் வளைத்துத் தடவுகிறான்.

எங்கள் கரிந்த பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் இரைச்சல்.

செப்டம்பர் 2

கொழுந்தன் வேலியோரம் வந்து நின்றான். அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வாய் திறக்கிறான்.

"அண்ணி. அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எங்க வரப்புப் பக்கம் வைங்களேன்."

"ஒரு பெட்டி உன் வயலுக்குக் காணாதுடா."

"அப்ப அவங்களை வரச் சொல்லுங்க."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! அவன் முன்னாலேயே போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தேன். அவள்தான் எடுத்தாள். "அக்கா!" என்றாள். பின்னால் ஏதோ தண்ணீர் ஓடும் ஓசை. "பூ," என்றேன். "இங்க பூ. வர்றீங்களா?"

எங்களிடம் கற்றுக்கொண்டு போன நாலாவது சொல்லைச் சொன்னாள்.

"அக்கா... அடி?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். போனை அவன் இடது கையில் வைத்தேன்.