மேடைக்கு ஒரு ஆள்

சின்னவனே,

ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்குப் போகாட்டி ஸ்ரீசிட்டி ஃபேக்டரி வேலை போயிடும்னு போன்ல சொன்னே. அதுக்குத்தான் எழுதறேன்.

நம்ம கடைத்தெரு சங்கமும் ஊர்ப் பெரியவங்களும் அலைஞ்சதுக்குப் பலன் கிடைச்சிடுச்சு. திருந்தி வேலைக்குப் போற பசங்களோட ரவுடி ஷீட் ஃபைலைப் போலீசு மூடிடுச்சு. இனிமே ஞாயிறுதோறும் அவங்க சித்தூர் ஸ்டேஷன்ல வந்து நிக்க வேணாம். நான் ஸ்வீட் பாக்ஸோட ஓடினேன். என் எட்டாங்கிளாஸ் மூளை, முதல்ல வாங்கும், அப்புறம்தான் விசாரிக்கும்.

உன் ஷீட்டை மூடலை.

சங்கத் தலைவர் கன்னையாவைக் கேட்டேன். "நான்தான் நிறுத்தி வெச்சேன் அண்ணா. உன் பையன் மேடையில பேசினா ஜனம் அழுவுது. அவனதையும் மூடிட்டா, மத்த ஊர்ப் பசங்க ஷீட்டை மூடச் சொல்லி நடத்தற திருப்பதி மீட்டிங்குல யாரைக் காட்றது?"ன்னாரு. காபியும் குடுத்தாரு. நானும் குடிச்சிட்டு வந்தேன், பாரு.

திருப்பதிக்கு நீ வராதே. உனக்குப் பதிலா நான் மேடை ஏறி, மாலையோட உக்காந்திருக்கிற கன்னையாவைக் காட்டி, "என் பையன் ஷீட்டை மூட விடாதவர் இவர்தான்"னு மைக்குலயே சொல்லப்போறேன். அதை என் ஓட்டைத் தெலுங்குல சொல்லணுமே! காலையிலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துக்கினு இருக்கேன்.

உங்கம்மா இந்தத் தடவை என் தெலுங்கைக் கேட்டுச் சிரிக்கலை.

உன் நைனா