எலும்பை எடுத்துவிட்டால் சைவம்

என் வாயாடிக்கு,

இங்கே எல்லோருக்கும் சுகம், கறிக்கடையில் நிற்கும் உன் அப்பாவைத் தவிர, அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, முகம்தான் சரியில்லை. நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இனிமேல் கறி மீன் எதையும் தொடமாட்டேன் என்று நீ எழுதியதிலிருந்து, பிழிந்து காயப்போட்ட துணி மாதிரிதான் என் கண்ணில் நிற்கிறாய். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, முதலில் எழுதியதில் அழுகை அதிகம், கிழித்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை செய்தாயா? விலங்கியல் படித்துவிட்டுக் கறிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டவள் நான், பருப்பிலும் கீரையிலும் இரும்புச்சத்து உண்டு என்று எனக்கும் தெரியும், தெரிந்தும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. முட்டை எந்தக் கட்சி என்றும் நீ எழுதவில்லை.

உன் கடிதத்தை உன் அத்தை சாப்பிட வந்திருந்தபோது உரக்கப் படித்தேன் பார், என் புத்தியைச் சொல்ல வேண்டும். கறிக்கடைக்காரர் பொண்ணு கறி திங்க மாட்டாளாமே, நாளைக்கு அண்ணன் கடை முன்னாடியே கொடி பிடிச்சுட்டு நிப்பா பாருங்க அண்ணி என்று சொல்லிக்கொண்டே தட்டில் இருந்த ஈரலை ஒற்றை ஆளாக முடித்தாள். உன் அப்பாவும் சிரித்தார். கடைசியில், லீவுக்கு வரவில்லை, விடுதியிலேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதும் எழுந்துபோய்க் கை கழுவ ஆரம்பித்தவர் சோப்பு பாதியாகும்வரை கழுவினார். அத்தை போன பிறகு, என் மேல கறி வாடை அடிக்குதுன்னு வர மாட்டேங்கிறாளா என்று கேட்டார். அதெல்லாம் இல்லீங்க, படிக்க நிறைய இருக்கும் என்றேன். நீ படிக்கிற லட்சணம் அவருக்கும் தெரியும் என்பதால் நம்பவில்லை.

கடை விடுமுறை அன்று, அவ வந்தா என்ன செஞ்சு போடுறது, பழகிக்க வேண்டாமா என்று அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். முட்டைகோஸை வெட்டுக்கத்தியால் ஒரே போடு. கேரட்டைத் தொடைக்கறி மாதிரி தட்டித் தட்டிப் பார்த்துத் துண்டு போட்டார். காலிஃப்ளவரைக் கையில் வைத்துக்கொண்டு, மூளை மாதிரியே இருக்கே, இதை மட்டும் திம்பாளா என்றார். எல்லாவற்றையும் போட்டு ஒரு சூப் வைத்தார், சும்மா சொல்லக்கூடாது, அத்தை வந்து மூன்று கிண்ணம் குடித்தாள். வெறும் காயில் இந்த ருசி எப்படி வந்தது என்று நான் விடாமல் குடைந்ததில், ஒரே ஒரு நல்லி எலும்பு போட்டுக் கொதிக்க விட்டேன், இறக்கும்போது எடுத்துட்டேன்ல, இப்போ சைவம்தானே என்றார். அப்படின்னா நானும் பொறந்ததுலேருந்து சைவம்தான் அண்ணே, எலும்பை எடுத்து வெளியே வச்சுட்டுத்தானே சாப்பிடுறேன் என்றாள் அத்தை. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. இதை அவ குடிச்சிருந்தான்னா அப்புறம் என் கையால பச்சைத்தண்ணி கூட வாங்க மாட்டாளே என்றார். ஒரு கொழுப்புத் துண்டைக்கூட வீணாக்காத மனிதர், பாத்திரத்தோடு தூக்கிப்போய்ச் சாக்கடையில் கொட்டினார்.

மறுநாள் புதிதாக ஒரு கத்தி, ஒரு பலகை, ஒரு பாத்திரம் வாங்கி வந்து ஜன்னல் பக்கம் தனியாக வைத்திருக்கிறார். அத்தை மீன் நறுக்க அந்தப் பலகையை எடுக்கப்போனாள். அது எம் பொண்ணோடது, மீன் பட்டுச்சுன்னா நாளைக்குக் கடையில தொங்குறது ஆடா இருக்காது என்றார் கூடப்பிறந்தவளிடம்.

உண்மையிலேயே படிப்பு என்றால் இருந்துகொள். எங்களுக்குச் சங்கடம் என்று நினைத்து ஒதுங்கினால் மட்டும் சொல், பஸ் ஏறி வந்து காதைத் திருகுவேன். வந்தால் ஆடுகளின் உரிமை பற்றி அவருக்கு வகுப்பு எடுக்காதே, சாப்பிடு, போதும். இப்போது வாராவாரம் எலும்பே போடாமல் சூப் வைக்கிறார், பாத்திரம் கழுவிய தண்ணீர் தோற்றுப்போகும், ஆனாலும் பிரமாதம் என்று சொல்லிச் சொல்லி நான்தான் குடிக்கிறேன். இந்தத் தண்டனையில் உனக்கும் பங்கு உண்டு.

எதைத் தின்றாலும் கன்னம் ஒட்டாமல், வாய் ஓயாமல் நன்றாக இரு. ரத்தப் பரிசோதனையை மறக்காதே. நீ வருகிற தேதியை எனக்கு எழுத வேண்டாம், கடை முகவரிக்கு அவர் பெயருக்கே எழுது. கை கழுவிவிட்டுத்தான் பிரிப்பார்.

இன்னும் எல்லாவற்றையும் தின்னும்,
உன் அம்மா