பறவை கத்திய பக்கம்

ஒட்டுசுட்டான்
12.01.1992

அன்பின் ஜெயரூபினி,

மாதாவின் காவலில் நான் சுகம். மண்டபம் அகதி முகாமில் நீரும், நான் இன்னும் முகம் காணாத மகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

நான் இங்கே நல்லதம்பி அண்ணையின் வயலுக்குக் காவல். போன கிழமை பொழுதுபடும் நேரம், காட்டுக்கரையில் ஆட்காட்டிக் குருவிகள் கூடிக் கத்தின. கடலில் பறவைகள் கூடிக் கத்தினால் அங்கே மீன் என்று வள்ளத்தைத் திருப்பிப் பழகியவன் அல்லவா? அந்தப் பக்கமே ஓடினேன். பற்றைக்குள் யானை நின்றது. அண்ணைதான் ஓடிவந்து என்னை வாய்க்காலுக்குள் இழுத்து விழுத்தினார். எனக்கு ஒரு கீறலும் இல்லை. அவருக்குத்தான் கை முறிந்துவிட்டது.

"தம்பி, அது ஓடச் சொல்லிக் கத்துது, நீ கிட்டப் போறாய்" என்று சிரிக்கிறார். அவரின் மனைவி வடிவம்மா அக்கா அவருக்குச் சோறு தீத்தும்போது, வெட்கத்தில் நான் வெளியே போய்விடுகிறேன்.

கடிதத்துக்குள் இரண்டு தூண்டில் முள் வைத்து அனுப்பும். குளத்தில் மீனாவது பிடித்துக் கொடுக்கிறேன்.

கடிதம் கொண்டுபோகிறவர் படலையில் சைக்கிள் மணி அடிக்கிறார். மகள் பசிக்கு எப்படி அழுவாள், நித்திரைக்கு எப்படி அழுவாள் என்று விவரமாய் எழுதும். அதையும் நான் பிழையாய் விளங்கிவிடக் கூடாது.

வின்சன்