ஆகஸ்ட் மாதத்துப் பைன் மரங்கள்

வால்டோரா,
மார்ச் 14

லியோனில் இருக்கும் என் தம்பி பெலார்மினோவுக்கு,

அக்கா டெல்மிரா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? நான் ஒன்று சொல்வதற்குள் பிரான்சில் அதற்கு என்ன செய்கிறார்கள் என்று ஒன்பது சொல்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுக்கப் படி.

உன் ஆறு பைன் மரங்களையும் வெட்ட வேண்டும். அதற்கு உன் சம்மதம் வேண்டும். இந்தக் கடிதத்தின் விஷயம் அவ்வளவுதான்.

இந்த ஊரில் பைன் மலையில் இருக்கும். வீட்டருகே கஷ்கொட்டையும் ஒலிவமும் வைப்போம். வாசலில் பைன் நட்ட மகராசன் நீ ஒருவன்தான். அங்கே உன் முதலாளி தோட்டத்தில் நிற்கிறதாம், அதனால் உனக்கும் வேண்டுமாம். வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு அழகு ஒரு கேடு! சாவி என்னிடம், அழகு உன்னிடம்.

உனக்கு அந்த மரங்களைப் பற்றி என்ன தெரியும்? ஆகஸ்டில் வருவாய், இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டுவாய், வயிறு மேலே ஏறி இறங்கத் தூங்குவாய். நீ குறட்டை விடுகிற அதே வாரத்தில்தான் உன் தலைக்கு மேலே அந்துப்பூச்சி முட்டையிடுகிறது. டிசம்பரில் கிளை நுனியெல்லாம் புழுக்கூடு வெள்ளைப் பையாகத் தொங்கும். மார்ச்சில் கம்பளிப்புழுக்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி இறங்கி, வரிசையாக நடந்து மண்ணுக்குள் போகும். இப்போதும் போய்க்கொண்டிருக்கின்றன. நேற்று ஒரு வரிசை உன் படிக்கட்டிலிருந்து என் சமையலறை வாசல்வரை இருந்தது.

டிசம்பரிலேயே சொன்னேன். தெரிந்த ஆளை வைத்துக் கூடுகளை அறுத்து எரிப்போம் என்றேன். “அக்கா, நீ சும்மா பயப்படுற. இங்கெல்லாம் குருவிக்கூடு மாட்டுவாங்க, குருவியே தின்னுடும்” என்று சொல்லி ஒரு மரப்பெட்டி அனுப்பினாய். அழகான பெட்டி. எறும்பு குடியிருக்கிறது.

ஜனவரியில் மறுபடி சொன்னேன். அதற்கு நீ செய்த காரியம் என்ன? செவெரினோவைக் கூப்பிட்டாய். உன் கூட்டாளி, வேட்டைத் துப்பாக்கிக்காரன், ஊரிலேயே பெரிய வாய். “ரெண்டு தோட்டா, கதை முடிஞ்சுது, உங்க தம்பி சொல்லிட்டான்” என்று வந்து நின்றான். காற்று அடிக்கிறதே என்றேன். “முயலே என்கிட்ட தப்பிச்சதில்ல, புழு எம்மாத்திரம்?” என்றான். முயலுக்கு இருக்கிற மூளை அவனுக்கு இருந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

விழுகிற கிளைகளை வாரிக் குவிக்க ஓர் ஆள் வேண்டுமே, உன் அத்தான் கீழே நின்றார். அடேலினோவுக்குத்தான் இல்லை என்று சொல்லவே வராதே. முழங்கைவரை கையுறை போட்டார், மூக்கில் துணி கட்டினார். இருந்த ஒரே கண்ணாடியை செவெரினோ மாட்டிக்கொண்டான், சுடுகிறவன் கண் முக்கியமாம். கூடு கிழிந்தது. புழு செத்ததோ இல்லையோ, அதன் மேலிருக்கிற விஷ முடி, அந்தச் சுணை அத்தனையும் மாவு கொட்டினதுபோல் இவர் முகத்தில் இறங்கியது.

முதலில் கழுத்தெல்லாம் தடிப்பு. அது வடிந்துவிட்டது. வலது கண் சிவப்பு மட்டும் போகவில்லை. சொட்டு மருந்து விட்டுப் பதினைந்து நாள் சும்மா இருந்தோம், நாங்களும் முட்டாள்கள்தான். பிராகான்சா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூன்று சுணையை எடுத்தார். இன்னும் இரண்டு உள்ளே போய்விட்டதாம், அந்த முடி தானாகவே உள்ளே நகருமாம். போன செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டார்கள். வலது கண் போயிற்று, பெலார்மினோ. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிகிறது. “இடது கண்ண பத்திரமா பாத்துக்குங்க, அந்த மரத்துப் பக்கமே போகாதீங்க” என்றார் டாக்டரம்மா. மரத்துப் பக்கம் போகாமல் எப்படி? என் ஜன்னலுக்கும் உன் மரத்துக்கும் பதினைந்து அடிதான். இப்போது மண்ணுக்குள் போனதெல்லாம் பூச்சியாகி ஆகஸ்டில் மறுபடி மேலே ஏறும்.

செவெரினோ இரண்டு அலெய்ரா தொத்திறைச்சியோடு பார்க்க வந்தான். வாசலிலேயே வாங்கி நாய்க்குப் போட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டேன்.

மரத்துக்குச் சொந்தக்காரன் கையெழுத்தில்லாமல் ரம்பக்காரர் அதில் கை வைக்கமாட்டாராம். காகிதம் இத்துடன் இருக்கிறது, நானே எழுதிவிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு. யோசனை எதுவும் சொல்லாதே. உன் யோசனைகள் எங்களுக்குப் போதும்.

உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. கண்ணைப் பற்றி உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். “இருபத்தெட்டு வருஷமா அடுத்தவனுக்கு வீடு கட்டுறான் உன் தம்பி. வருஷத்துல நாலு வாரம் நிழல்ல படுக்குறான். அதையும் ஏன்டி கெடுக்குற?” என்றார். நல்லா வேணும் உங்களுக்கு என்று கத்தினேன். கொல்லைப்பக்கம் போய் அழுதேன். உன்மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதியாவது அந்த மனுஷனுக்கு வந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

ஆகஸ்டில் வராதே என்று நான் சொல்லவில்லை. வா. நிழல் இருக்காது, தொப்பி கொண்டு வா. வந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார், மன்னிப்பெல்லாம் கேட்காதே, வெட்கப்படுவார். இடது பக்கமாக உட்கார். வலது பக்கம் உட்கார்ந்தால் நீ வந்திருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
டெல்மிரா