இரண்டாம் பேஸில் ஆளில்லை

மச்சான்,

போன சனிக்கிழமை மாமா, உன் அப்பா, எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தமிழ்க்கடைப் பை ஒன்று. முருங்கைக்காய் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து வாங்கித் திறந்தேன். நல்லெண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. உள்ளே உன் கையுறை.

அணியில் எல்லோரும் பேஸ்பால் கையுறைக்குக் கடையில் விற்கும் தோல் எண்ணெய்தான் பூசுவார்கள். நீ மட்டும் உன் அம்மா தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய்ப் போத்தலை உடுப்பு மாற்றும் அறைக்கே கொண்டுவந்து, ஆறுதலாக இருந்து தேய்ப்பாய். சலாட் செய்கிறாயா என்று ஜெர்மன்காரப் பெடியள் கேலி செய்வார்கள். ஆனால் உன்னுடையதைப் போல மெத்தென்ற கையுறை வேறு எவனிடமும் இருக்கவில்லை. உனக்குத் தெரியாமல் நானும் வீட்டில் பூசிப் பார்த்தேன். என்னுடையது பிசுபிசுத்து, புழுதி அப்பி, நாறிப்போனது. உன்மேல் எனக்கு வந்த முதல் பொறாமை அதுதான். அப்போது நமக்குப் பதின்மூன்று வயது.

மாமா கதிரையில் இருந்து தேநீர் குடிக்க, நான் கையுறைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவும் பார்த்து வந்த தோல். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன், உன்னைப் பார்த்து எரிந்துகொண்டே வளர்ந்தவன் நான். ஜெர்மனிக்கு வந்து, எசன் நகரில் காற்பந்து அணியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பேர், பக்கத்துப் பேஸ்பால் மைதானத்தில் ஒன்றாகத்தான் தொடங்கினோம். "கிரிக்கெட் மாதிரித்தானே" என்று நம் இரண்டு அப்பாக்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நீ ஷோர்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையில் நிற்பவன். நான் இரண்டாம் பேஸ்காரன். நமக்கு நடுவே நிலத்தில் அந்த வெள்ளைச் சதுரம், இரண்டாம் பேஸ். எதிரணிக்காரன் அதை நோக்கிக் களவாக ஓடினால் நம்மில் ஒருவன் அங்கே போய் நிற்க வேண்டும், பந்து அங்கேதான் வரும். மற்றவன் தன் இடத்தைக் காக்க வேண்டும். யார் போவது என்பதை மற்ற அணிக்காரர்கள் கையுறையால் முகத்தை மறைத்து, வாயைத் திறந்தும் மூடியும் ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். நமக்கு அந்த வில்லங்கம் இருக்கவில்லை. போகிறவன் "நான்" என்று கத்துவான். மற்றவன் "ஓம்" என்பான். மைதானத்தில் வேறு எவனுக்கும் விளங்காது.

உன்னைவிட நான்தான் கூடப் பயிற்சி செய்தேன். மழைக்குள் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தேன். எனக்கு அப்படியும் வராதது உனக்குச் சும்மா நிற்க வந்தது. வீட்டில் அம்மா வேறு. "அவன் அபிட்டூரும் எடுத்திட்டான், பேப்பரிலையும் படம் வருது. நீ என்னடா செய்யிறாய்?" என்று கேட்பா. பல்கலைக்கழகம் போக எழுதும் அந்தச் சோதனைப் பக்கமே போகாமல், நான் மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மறந்திருக்காது. வெளிநாட்டு அணிகளுக்கு ஆள் தேடுகிறவர் உன்னைப் பார்க்க வந்திருந்தார். உன்னை மட்டும். கையில் சின்னக் கொப்பி. என்னைத் தாண்டிப் போனபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கடைசிக் கட்டம். இரண்டு அணிக்கும் சமமான ஓட்டம். முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் எதிரணி ஆட்கள். அடிக்க நின்றவன் இடக்கைக்காரன். இடக்கைக்காரன் நின்றால் இரண்டாம் பேஸுக்குப் போவது ஷோர்ட்ஸ்டாப்பின் வேலை என்று ஆட்டம் தெரிந்த எல்லோரும் நினைப்பார்கள். எதிரணியை ஏமாற்ற நாம் சிலவேளை மாற்றிச் செய்வோம். அன்று நான் "நான்" என்று கத்தினேன். நீ "ஓம்" என்றாய்.

முதல் பேஸில் நின்றவன் ஓடினான். அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் நம் கச்சர் இரண்டாம் பேஸுக்கு எறிந்தான். நான் இரண்டு அடி வைத்தேன், பிறகு நின்றுவிட்டேன். வழுக்கவில்லை, மச்சான். மறக்கவுமில்லை. நின்றேன். பந்து ஆளில்லாத பேஸுக்கு மேலாகப் பறந்து தூரப் புல்லுக்குள் போனது. மூன்றாம் பேஸில் நின்றவன் அவசரமே இல்லாமல் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தான்.

ஆள் தேடி வந்தவர் உன் பிழை என்று நினைத்து, உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். யாருடைய பேஸ் அது என்று பயிற்சியாளர் கத்தினார். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு ஜெர்மனில் "என்னுடையது" என்றாய். திரும்பி வரும்போது ட்ராமில் உன் அம்மா கட்டித் தந்த மீன் ரோல்ஸில் பாதியை எனக்குத் தந்தாய். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வருடம் உன்னை யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம்தான் கூப்பிட்டார்கள். முதலில் அவுஸ்திரேலியா, பிறகு அமெரிக்காவில் கீழ்மட்ட அணிகள். பகல் முழுக்க பஸ், ஊர் ஊராக. "சோறில்லாமல் சாகிறன் மச்சான்" என்று குரற்பதிவு அனுப்புவாய். யாரோ ஒருவருடைய குசினியில் பிளக் பூட்டிக்கொண்டே அதைக் கேட்பேன். நீ சரிவராமல் திரும்பி வரவேண்டும் என்றுதான் விரும்பினேன். ஒரு அணி உன்னை விட்டபோது அன்று முழுக்க எனக்கு நல்ல பசி. இன்னொரு அணி எடுத்தபோது பூங்கொத்துப் படம் அனுப்பினேன்.

பிறகு ஒரு காலைப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவன் விழுந்தாய். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். செத்தவீட்டில் உன் அணி அனுப்பிய மலர்வளையத்தைப் பார்த்து, எனக்கு இப்படி யார் அனுப்புவார்கள் என்று யோசித்தவன் நான். பெட்டிக்குள் கிடக்கிறவனைப் பார்த்தும் பொறாமைப்பட ஏலும் என்று அன்றுதான் கண்டேன். பிறகுதான் மற்றது உறைத்தது. நீ வெளிநாட்டில் விளையாடியது ஆறு வருடம். அது ஏழாக இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, எனக்கு உந்த விளையாட்டு இண்டைக்கும் விளங்காது. ஆனா தமிழ் விளங்கும். அண்டைக்கு நீ 'நான்' எண்டு கத்தினது வேலியடியிலை நிண்ட எனக்குக் கேட்டது."

உன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தேன். யாருக்கும் விளங்காது என்று கத்திக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் வேலியோடு உன் அப்பா நின்றதை நாம் இரண்டு பேரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

"ஏன் மாமா ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவன் மறிச்சுப்போட்டான். 'அப்பா, சொன்னா அவனை நிப்பாட்டிப்போடுவினம். பிறகு நான் ஆரோடை விளையாடுறது?' எண்டு கேட்டவன்."

"கோவமில்லையோ மாமா?"

"இருக்கு. இல்லாமலோ? ஒரு வருசமடா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு உன்ர மட்ச் எத்தினை மணிக்கு?" என்றார்.

எனக்கு உன்னைப் போல ஒரு பெரிய மனம் வராது. என் இடத்தில் நீயும் உன் இடத்தில் நானும் நின்றிருந்தால், பயிற்சியாளர் கேட்க முன்னமே உன்னைக் காட்டிக்கொடுத்திருப்பேன். இப்போது அதற்கும் சேர்த்து உன்மேல் பொறாமைப்படுகிறேன். இது எப்போது முடியும் என்று தெரியவில்லை.

நேற்று மாமா வந்தார். பழைய இடத்தில், வேலியோடு, குளிர்ச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றார். உன் கையுறையைப் போட எனக்குத் துணிவு வரவில்லை. விளையாட்டுப் பைக்குள் இருந்தது, என் உடுப்பெல்லாம் நல்லெண்ணெய் மணம். இப்போது உன் இடத்தில் விளையாடுகிறவன் ஜெர்மன்காரன், நல்ல பெடியன், வாயைத் திறந்து மூடித்தான் பேசுவான். நடு ஆட்டத்தில் ஒரு இடக்கைக்காரன் அடிக்க வந்தான். முதல் பேஸில் ஒருவன் ஓட ஆயத்தமாக நின்றான். உன் இடத்தில் நிற்பவனுக்கு நான் போகிறேன் என்று வாயால் காட்டினேன். அவன் தலையாட்டினான். அதோடு விட்டிருக்கலாம். என்னை அறியாமல் "நான்" என்றும் கத்திவிட்டேன்.

மைதானத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வேலியடியிலிருந்து உன் அப்பா "ஓம்" என்றார்.

ஓடினேன், மச்சான். பந்து வந்தபோது நான் பேஸில் நின்றேன்.