இங்கிலாந்தில் தில்லை மரம்

மச்சான்,

இன்றைக்கு ஐஸ் பிளாண்டில் கரண்ட் இல்லை. சும்மா இருக்க முடியாமல், உன் அம்மா நேற்றுத் தந்த பையைத் திறந்தேன். நீ வார்டில் வைத்திருந்த இரண்டு ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள். இன்னும் ஆஸ்பத்திரி மருந்துதான் மணக்கிறது.

முதலாவது கதையை நீ எனக்கு முழுதாகச் சொல்லியிருக்கிறாய். பிணத்தை ஐஸில் வைத்து, செத்த நேரத்தைக் குழப்புகிற கதை.

"அவ்வளவு ஐஸ் அந்த அறையில விடியுமட்டும் நிக்காது. எழுதினவன் ஒரு ஐஸ் பெட்டியைக்கூடத் திறந்து பாக்கல்ல" என்று ஏசினேன்.

"இது லண்டன் பத்திரிகையில கிழமைக்குக் கிழமை வந்த கதைடா. அந்த ஐஸ் அடுத்த கிழமை வரைக்கும் உருகாம இருந்தாக் காணும்."

பிறகு உனக்கு இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். "அதே ஆள்ற இன்னொரு புத்தகம் கிடைச்சா, அதையும் வாசிச்சிட்டுப் போயிருவன்" என்றாய். கொழும்பு நடைபாதைக் கடைகளில் நாயாய் அலைந்து, அதே ஆள் வேறு தலைப்பில் எழுதிய ஒன்றைப் பிடித்து வந்தேன். நாலு பக்கம் புரட்டினாய். மூடித் தலையணைக்குக் கீழே வைத்தாய்.

"புதுசுதான் மச்சான்."

அதற்குப் பிறகு நான் வரும்போதெல்லாம் அந்தக் கதைதான். ஒரு பணக்கார விதவை, மூன்று மருமக்கள். யாரோ அவளின் கண்ணில், சதுப்பில் வளரும் தில்லை மரத்தின் பாலை விட்டுக் குருடாக்கி, தண்ணீரில் தள்ளிவிட்டான்.

"டேய், இங்கிலாந்தில தில்லை மரமா?"

"அங்கயும் சதுப்பு இருக்கு. வாயப் பொத்திட்டுக் கேள்."

துப்பறியும் கதை வேலைவெட்டி இல்லாதவனுக்கு என்று சொல்லித் திரிந்த நான், கட்டில் விளிம்பில் குந்தியிருந்து "மறுகா? மறுகா என்ன நடந்த?" என்று கேட்டேன். மூத்த மருமகன்தானே என்றேன்.

"உனக்கு ஐஸ் மட்டும்தான் விளங்கும். ஆரெண்டு வியாழக்கிழமை சொல்றன்."

வியாழக்கிழமை நீ இல்லை.

அதனால்தான் இன்று இரண்டாவதைத் திறந்தேன். கொன்றவன் யார் என்று பார்த்துவிட்டு மூடி வைக்கலாம் என்று. முதல் அத்தியாயத்திலேயே ஐஸ். அதே அறை, அதே பிணம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்: அதே கதையை அமெரிக்காவில் பதிப்பித்தபோது தலைப்பை மாற்றினார்களாம். பழைய கம்பிரசருக்குப் புது லேபிள் ஒட்டி விற்பவனை எங்கள் தொழிலில் கள்ளன் என்போம். இவர்களுக்குப் பெயர் பதிப்பாளர்.

கடைசிப் பக்கம் வரைக்கும் தட்டிப் பார்த்தேன். விதவை இல்லை. மருமக்கள் இல்லை. தில்லை மரம் எங்கே இருக்கப்போகிறது! நான் அலைந்து கொண்டுவந்தது வீண் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஊசி குத்திய கையோடு படுத்திருந்து எனக்காக ஒரு கொலையைக் கட்டியிருக்கிறாய்.

அவர்களைவிடப் பெரிய கள்ளன் நீதான்டா. அவர்கள் கடைசிப் பக்கத்தையாவது அச்சடித்தார்கள்.

நீ போனதிலிருந்து, வேலைக்கு வரும் வழியில் வாவிக்கரைத் தில்லைகளைத் தாண்டும்போதெல்லாம் அந்த மூன்று மருமக்களையும் விசாரிக்கிறேன். நாளைக்கும் விசாரிப்பேன். இப்போது எனக்கு இளையவனில்தான் சந்தேகம்.